சமையல் படித்தால் பேராசிரியராக முடியுமா?

ஃபுட் ஸ்டடீஸ் என்ற உணவு ஆய்வுப் படிப்பைப் படித்து, பாடம் நடத்தி, ஒருநாள் துறைத்தலைவராக வேண்டும் என்று உங்கள் மகள் சொல்கிறாள். "கடைசியில் கரண்டி பிடிக்கத்தானா இவ்வளவு படிப்பு?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் கரண்டி பிடிப்பதைக் குறைத்து நினைக்காதீர்கள். அவள் போக நினைக்கும் வழியில் அதற்கும் மதிப்பு உண்டு.

சமையற்கலைக் கல்லூரி தொழில்முறைச் சமையலைக் கற்றுத்தரும். உணவு அறிவியல், பதப்படுத்துதலும் ஆய்வகமும் சார்ந்தது. ஃபுட் ஸ்டடீஸ் வேறு: யார் விளைவிக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், அந்த உழைப்புக்கு என்ன கூலி, புலம்பெயர்ந்தவர்கள் ஏன் உணவகம் தொடங்குகிறார்கள் என்று ஆராய்வது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1996-இல் இதற்கெனத் தனிப் படிப்பு வந்தது. அதைத் தொடங்கிய மரியன் நெஸ்லே முனைவர் பட்டம் பெற்றது மூலக்கூறு உயிரியலில். இத்தாலியில் பொலென்சோ என்ற ஊரில் உணவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கியது. துறை இளையது. அதன் தலைவர்களில் பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்.

கிருஷ்ணேந்து ராயைப் பாருங்கள். இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர், சமூகவியலில் முனைவர். அமெரிக்காவின் கலினரி இன்ஸ்டிடியூட்டில் சமையல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார், அங்கே பொறுப்பு இணை டீனாகவும் இருந்தார். 2005-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், பின்னர் துறைத்தலைவரானார். அவருக்குக் கைகொடுத்தது சமூகவியல் என்ற உறுதியான அடிப்படையும், சமையல்காரர்களோடு பழகிய ஆண்டுகளும். உங்கள் மகளுக்கும் நான் சொல்வது இதுதான்: இளங்கலையில் வரலாறு, சமூகவியல், மானுடவியல், ஊட்டச்சத்து இவற்றில் ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். ஃபுட் ஸ்டடீஸ் என்ற பெயரிலேயே விளம்பரமாகும் ஆசிரியர் பணிகள் குறைவு. உணவை ஆராய்பவர்களுக்குப் பெரும்பாலும் வேலை கிடைப்பது இந்தப் பழைய துறைகளில்தான்.

கூடவே ஏதாவது ஒரு பெரிய சமையற்கூடத்தில் சில மாதங்கள் வேலை பார்க்கட்டும். சான்றிதழுக்காகச் சொல்லவில்லை. நாளைக்கு டீன் நாற்காலியில் உட்கார்ந்தால், ஒரு பக்கம் இருபது வருடம் அடுப்படியில் நின்ற செஃப், இன்னொரு பக்கம் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர், இருவருக்கும் இவள் ஒரே பாடத்திட்டம் வகுக்க வேண்டியிருக்கும். சமையல் வகுப்புக்குச் செலவும் அதிகம். ஒரு ஆசிரியரிடம் சில மாணவர்களைத்தான் விட முடியும், பொருள்கள் அன்றாடம் தீர்ந்துபோகும், சுகாதார விதிகளில் பிசகக் கூடாது. அடுப்பின் சூட்டை அறியாதவர் அந்த பட்ஜெட்டில் கைவைத்தால் செஃப்கள் மதிக்க மாட்டார்கள்.

இனி பணம். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வெளிநாட்டு முதுகலைக்குப் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் படிப்புக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், ஆனால் முடிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதற்குப் பிறகும் நிரந்தரப் பணி உறுதியில்லை, போட்டி கடுமை. துறைத்தலைவர் பொறுப்பு அதற்கும் வெகு தூரம் தள்ளித்தான் வரும். ஆகவே பெரிய கடன் வாங்கி முதுகலையில் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முனைவர் படிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

விண்ணப்பத்தோடு, அவள் எழுதிய கட்டுரை ஒன்றை மாதிரியாகக் கேட்பார்கள். இந்த விடுமுறையிலேயே அவள் அதற்கான வேலையைத் தொடங்கலாம். உணவகத் தொழிலாளர்கள் சிலரிடம் அனுமதி கேட்டுப் பேசி, அவர்களுடைய வேலை நாள் எப்படிப் போகிறது என்று ஒரு கட்டுரை எழுதட்டும். அதை அவளுடைய ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தட்டும்.

எந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்: உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு? பாடம் நடத்தும் வாய்ப்பு உண்டா? சமீபத்தில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அந்தப் பதில்களோடு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.