ரென்ஷா ட்வின்ஸ் டபுள்ஸ் பட்டம் 5ஆ 7ஆ?
நண்பா, வில்லியம், எர்னஸ்ட் ரென்ஷாங்கற அந்தக்கால இங்கிலாந்து டென்னிஸ் இரட்டைச் சகோதரர்கள் சேர்ந்து ஜெயிச்ச டபுள்ஸ் பட்டம் ஒரு லிஸ்ட்ல 5ன்னும் இன்னொண்ணுல 7ன்னும் இருக்கு, க்விஸ்ல எதைப் போடறதுன்னு கேட்டிருந்தீங்க. விம்பிள்டன் பட்டம்னு கேள்வி வெச்சீங்கன்னா 5தான், தயங்காம போடுங்க: 1884, 85, 86, 88, 89. மீதி ரெண்டும் ஆக்ஸ்ஃபோர்ட்ல ஜெயிச்சது. விம்பிள்டன் 1877லயே ஆரம்பிச்சாலும் ஆண்கள் டபுள்ஸ் அப்போ அங்க கிடையாது, அதை ஆக்ஸ்ஃபோர்ட்ல 1879லேர்ந்து 83 வரைக்கும் தனி டோர்னமெண்டா நடத்துனாங்க, மொத வருஷம் எர்ஸ்கின், லாஃபோர்ட் ஜோடி ஜெயிச்சது, 1880, 81ல இந்த ட்வின்ஸ். அப்புறம் அந்தக் கோப்பைய விம்பிள்டனுக்கே குடுத்துட்டாங்க, அதனாலதான் சிலர் சேர்த்து எண்ணிடறாங்க. அஞ்சே வருஷம் நடந்த அந்தப் போட்டிய யாருமே பேசறதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம், முடிஞ்சா அதையே தனிக் கேள்வியா வைங்க.