குளிர்கால ஓய்வில் காரின் பேட்டரி: கேள்வி பதில்

கேள்வி: குளிர்காலம் முடியும் வரை, ஏறக்குறைய நான்கு மாதங்கள், காரை எடுக்கப் போவதில்லை. பேட்டரியைக் கழற்ற வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அப்படியே விடுவது ஒன்றுதான் தவறு, மற்ற எல்லாவற்றிற்கும் வழி இருக்கிறது. பூட்டி நிறுத்திய காரிலும் திருட்டு எச்சரிக்கை மணி, சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் பூட்டு, கடிகாரம், நினைவைக் காத்துக்கொண்டிருக்கும் சிறு கணினிகள் ஆகியவை சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓயாமல் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி போகிறது. 60 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி 25 நாட்களில் பாதியாகிவிடும், ஐம்பதாவது நாளில் வற்றிவிடும். நான்கு மாதங்களுக்கு அது எந்த வகையிலும் தாங்காது.

நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு இருந்தால், தானாக அளவைக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரை மாட்டிவிட்டு பேட்டரியைக் காரிலேயே விடலாம். மின் இணைப்பு இல்லையென்றால் முழுமையாகச் சார்ஜ் செய்து, எதிர்முனைக் (மைனஸ்) கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை அளந்து பார்த்தால் போதும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையில் முதலில் ஸ்பேனரை வைப்பவரின் கை சற்றுத் தவறி ஸ்பேனரின் மறுமுனை இரும்பில் பட்டாலே பல நூறு ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

கேள்வி: மல்டிமீட்டரில் எத்தனை வோல்ட் காட்டினால் பேட்டரி முழுமையாக இருக்கிறது என்று கொள்ளலாம்?

பதில்: சார்ஜரைக் கழற்றிய உடனே அளக்காதீர்கள், தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னூட்டம் பொய்யான உயரத்தைக் காட்டும். சில மணி நேரம் பேட்டரியை ஓய்வாக விட்ட பிறகு 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழுமை, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரி முழுமையான நிலையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக, 12.8 அளவில் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் சார்ஜ் செய்யுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டால் போதாதா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: எல்லோரும் செய்கிறார்கள்; அதனால்தான் ஒவ்வொரு குளிர்காலத்தின் முடிவிலும் இத்தனை பேட்டரிகள் சாகின்றன. முன் சொன்ன கணக்கின்படி ஒரு வாரத்தில் 8.4 ஆம்பியர் மணி போயிருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் சராசரியாக 50 ஆம்பியருக்கு மேல் பேட்டரிக்குள் செல்ல வேண்டும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜினின் ஆல்டர்னேட்டர் (என்ஜினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவி) அவ்வளவு தருவது கடினம். தந்தாலும், குளிர்ந்த பேட்டரி அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ளாது. பற்றாக்குறை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். இதற்குமேல் இன்னொரு கேடும் உண்டு: எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத என்ஜினின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் நீராகப் படிந்து அங்கேயே தங்கிவிடும். ஓட்டுவதானால் என்ஜின் நன்றாகச் சூடேறும்படி நெடுந்தூரம் ஓட்டுங்கள், இல்லையேல் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் ஓட விட்டால்?

பதில்: மேலுள்ள கணக்கில் ஏழு நாட்களுக்குப் பதிலாகப் பதினான்கையும், பத்து நிமிடத்துக்குப் பதிலாக முப்பதையும் போட்டுப் பாருங்கள்: அப்போதும் சராசரியாக 33 ஆம்பியருக்கு மேல் செல்ல வேண்டும்.

கேள்வி: கழற்றிய பேட்டரியை வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டுமா?

பதில்: முழுமையாகச் சார்ஜ் ஆகியிருந்தால் தேவையில்லை. குளிர்ந்த கொட்டகையில் அது இன்னும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: மேற்கண்ட பதிலை நான் மறுக்கிறேன். என் உறவினரின் பேட்டரி ஒரு கடுங்குளிர் இரவில் வெளியே இருந்து பக்கவாட்டில் பிளந்தே போனது. குளிரில் வைக்கலாம் என்று சொல்வது பொறுப்பான அறிவுரையா?

பதில்: பிளந்தது குளிரினால் மட்டும் அல்ல, அந்த பேட்டரி வெறுமையாக இருந்ததால்தான் பிளந்தது. வழக்கமான கார் பேட்டரியான ஈய-அமில பேட்டரி மின்சாரத்தைத் தரும்போது கரைசலில் உள்ள கந்தக அமிலம் தகடுகளோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகிறது. கரைசலில் எஞ்சுவது பெரும்பாலும் நீர். முழுமையாகச் சார்ஜ் ஆன நிலையில் கரைசலின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265 அளவில் இருக்கும். அது உறைய வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போக வேண்டும். பாதிச் சார்ஜில் ஏறக்குறைய மைனஸ் 25லும், வற்றிய நிலையில் மைனஸ் 10ஐ ஒட்டியும் உறைந்துவிடும். உறையும் நீர் விரிவடைந்து தகடுகளை வளைத்து, பெட்டியையும் பிளக்கும். ஒரே கொட்டகையில், ஒரே இரவில், அருகருகே இருந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்று பிளந்து மற்றொன்று நலமாக இருக்க இதுவே காரணம்.

கேள்வி: அப்படியானால் குளிர் காலையில் என் கார் ஸ்டார்ட் ஆகாமல் முனகுவது ஏன்? குளிர் பேட்டரிக்கு நல்லது என்கிறீர்களே!

பதில்: சேமித்து வைப்பது வேறு, எடுத்துக் கொடுப்பது வேறு. குளிரில் வேதிவினைகள் அனைத்தும் மெதுவாகின்றன. பேட்டரி தானாக மின்னூட்டம் இழப்பதும் ஒரு வேதிவினைதான். வெப்பநிலை பத்து டிகிரி குறையும்போது அது ஏறக்குறையப் பாதியாகிறது. ஓய்வில் இருக்கும் பேட்டரிக்கு இது லாபம். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் பெரும் மின்னோட்டத்தைத் தர வேண்டிய வினையும் அதே போல் மெதுவாகிறது. போதாக்குறைக்கு என்ஜின் எண்ணெயும் தடித்து மோட்டாரின் சுமையைக் கூட்டுகிறது. குளிர்நிலைத் தொடக்கத் திறன் என்று பேட்டரியின் மேல் அச்சிடப்படும் எண்ணைப் பொதுவாக மைனஸ் 18 டிகிரியில் அளப்பது இதற்காகத்தான். வெப்பம் திரும்பியதும் அந்தத் திறன் திரும்பிவிடும். ஆனால் வற்றியே கிடந்து தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டதால் இழந்த திறன் திரும்பாது.

கேள்வி: இந்த விவாதத்தில் நானும் சேர்கிறேன். வீட்டுக்குள்ளோ வெளியிலோ, சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

பதில்: மரத்தாலும் கடின ரப்பராலும் பெட்டி செய்த காலத்தில் ஈரத்தின் வழியே சிறு கசிவு இருந்திருக்கலாம். இன்றைய பாலிப்ரொப்பிலீன் பெட்டி மின்சாரத்தைக் கடத்தாது. தரையில் வைத்த பேட்டரி இறங்கியதென்றால், பலகையில் வைத்திருந்தாலும் இறங்கியிருக்கும். மேற்புறத்தில் அமிலமும் அழுக்கும் கலந்த ஈரப்படலம் இருந்தால் மட்டும் இரு முனைகளுக்கிடையே மெல்லிய கசிவு ஏற்படும். சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால், மூடிகளுக்குள் புகாதபடி, துடைத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதையே நான்கு மாதமும் மாட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. கட்டுப்பாடில்லாத பழைய சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறி, தகடுகளின் மேல்விளிம்பு காய்ந்துவிடும். அந்த ஹைட்ரஜன் காற்றில் நான்கு சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறி போதும். நிரந்தரமாக மாட்டி வைக்கக்கூடியது, நிறைந்தவுடன் 13.2 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி நிற்கும் பராமரிப்பு சார்ஜர் மட்டுமே.

கேள்வி: ஓய்வுக்கு முன் காய்ச்சி வடித்த நீரை ஊற்றலாமா?

பதில்: மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, உடனே சார்ஜ் செய்யுங்கள். கலக்காத நீர் மேலே அப்படியே நின்றால், உறைபனியில் அந்த அடுக்கு மட்டும் உறைந்துவிடும். அமிலத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: என்னுடையது லித்தியம் பேட்டரி. இதே முறைதானா?

பதில்: இல்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் உலோகமாகவே படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். ஈய-அமில சார்ஜரையும் அதில் மாட்டாதீர்கள். மற்றவற்றிற்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: டயர்களுக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

பதில்: அது என் துறை அல்ல. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: என் கார் புதியது. மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்தால்...

பதில்: மேலே இருமுறை பதில் சொல்லியாகிவிட்டது. புதிய காரில் கணினிகள் கூடுதலாதலால் கணக்கு இன்னும் மோசமாகலாம்.

கேள்வி: தாமதமாகத்தான் இதைப் படிக்கிறேன். குளிர்காலம் முடிந்து பார்த்தபோது 11.5 வோல்ட் காட்டுகிறது. பிழைக்குமா?

பதில்: முதலில் பக்கங்கள் உப்பியிருக்கின்றனவா, விரிசல் உண்டா என்று பாருங்கள். உள்ளே உறைந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் முழுதும் உருகும் வரை சார்ஜ் செய்யவோ, இன்னொரு காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யவோ கூடாது, அது வெடிக்கக்கூடும். நல்ல நிலையில் இருந்தால், 60 ஆம்பியர் மணி பேட்டரிக்கு ஆறு ஆம்பியர் என்ற அளவைத் தாண்டாமல் மெதுவாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.5க்கு மேல் நின்றால் சுமைச் சோதனை (பெரும் மின்னோட்டத்தை எடுக்கும்போது வோல்ட் தாங்குகிறதா என்ற சோதனை) செய்து பார்த்து வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் செய்த பிறகும் 10.5ஐ ஒட்டியே நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் (செல்களில்) ஒன்று இறந்துவிட்டது என்று பொருள். புதியதை வாங்கும்போது பழையதை விற்பவரிடமே ஒப்படைத்துவிடுங்கள், அதன் ஈயத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்துவார்கள்.