கலாஷீல்ஸுக்குப் படிக்க வரும் தங்கச்சிக்கு

"ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸில் ஜவுளி முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது அக்கா, செப்டம்பரில் வருகிறேன். அதற்குள் டிஜிட்டல் பேட்டர்ன் மென்பொருளுக்கு ஒரு வகுப்பில் சேரட்டுமா, இயற்கைச் சாயம் கற்றுக்கொள்ளட்டுமா? குளிர் எப்படி? முடித்தால் வேலை உண்டா?" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறாய். நான் சேரன்மகாதேவிக்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, கம்பளி ஆலை ஒன்றின் மாதிரி அறையில் வேலை பார்த்தே காலம் ஓடிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேட்டர்ன் என்பது துணியை வெட்டுவதற்கான மாதிரி வரைபடம்தான். அதற்கான மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டாதே. க்ளோ, கெர்பர், லெக்ட்ரா என்று பெயர்கள் பயமுறுத்தும். எந்தப் பொத்தான் எங்கே என்பதை இங்கே வந்து பழகிக்கொள்ளலாம். கை அரித்தால் சீம்லி என்று இலவச மென்பொருள் இருக்கிறது, இறக்கி வைத்து விளையாடு. உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது.

நம் ஊரில் ரவிக்கை தைக்கிற மாஸ்டர் காகிதம் வெட்டுவதில்லை. அளவு ரவிக்கையைத் துணிமேல் விரிப்பார், சாக்பீஸால் கோடு போடுவார், இங்கே அரை அங்குலம் கூட்டு, அங்கே கால் அங்குலம் குறை என்று வெட்டிவிடுவார். அந்தக் கூட்டல் கழித்தல் அவர் கைக்குத் தெரியும். கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் பழைய அளவு ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரி. ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரை. முன்பக்கத் தோளும் பின்பக்கத் தோளும் ஒரே நீளமா? கையின் தலைவளைவு கைக்குழியைவிட எவ்வளவு கூடுதல்? பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கு நூல், எந்தத் திசையில் ஓடுகிறது? டார்ட்டை (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையலை) மூடினால் அடிவிளிம்பு எப்படி வளைகிறது? இதையெல்லாம் எழுதிப் பழகியவள் எந்தத் திரையின் முன்னாலும் திணற மாட்டாள். ஒரு வித்தியாசம் மட்டும் மனதில் வை. பிறகு பிரித்துவிட வசதியாக மாஸ்டர் உள்ளே தாராளமாகத் துணி விடுவார். இங்கே தொழிற்சாலை பேட்டர்னில் தையலுக்குப் பெரும்பாலும் 1 சென்டிமீட்டர்தான், சில இடங்களில் அதுவும் கிடையாது.

திரையில் நிற்கும் பொம்மைக்கு உடை மாட்டிப் பார்ப்பது அழகுதான், ஆனால் அதை நம்பி ஏமாறாதே. துணியின் எடை, மடிப்பு, இழுவை மூன்றையும் அளந்து கொடுத்தால்தான் அது உண்மை பேசும். வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும்தானே? அந்தச் சேலையின் விழுகை எந்த மென்பொருளின் துணிப் பட்டியலிலும் தயாராக உட்கார்ந்திருக்காது. பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். தறிக்கு அருகே உட்கார்ந்து பாவு எத்தனை, குறுக்கு நூலான ஊடை எத்தனை என்று கேட்டு வா.

சாயம் என் மனதுக்கு நெருக்கமானது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும். செங்கோட்டைப் பக்கம் குடிதண்ணீரில் பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள், இளஞ்சிவப்பாக இருக்குமே, அதே கட்டைதான் பத்தமடைப் பாயின் பழைய சிவப்புக்கும். அந்தத் தண்ணீரை மூன்று தம்ளரில் ஊற்று. ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளுக்குத் திரும்பும். இன்னொன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீர் விட்டால் ரத்தச் சிவப்பாகும். மூன்றாவதை ஒப்பிட வைத்துக்கொள். அடுத்து வெள்ளைப் பருத்தித் துண்டைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, நிறம் பிடிக்கப் படிகாரம் ஏற்றி, இந்தச் சாயத்தில் போட்டெடு. காய்ந்ததும் பாதியை அட்டையால் மூடி வெயிலில் வை. நெல்லை வெயில் தன் வேலையைக் காட்டும்: மூடாத பாதி வெளுத்துப்போகும்.

இங்கே பல்கலைக்கழகம் உனக்குச் சொல்லித் தரப்போவது அந்த வெளுப்பை அளப்பதைத்தான். வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரை நீலக் கம்பளி அளவுகோல், துவைப்புக்கு 1 முதல் 5 வரை சாம்பல் அளவுகோல். எண் கூடக் கூட நிறம் உறுதி. "படிகாரம் ஒரு கை" என்று எழுதினால் செல்லாது. 100 கிராம் உலர்ந்த துணிக்கு 15 கிராம் என்று எழுத வேண்டும், தண்ணீரின் சூடு, நேரம் எல்லாம் சேர்த்து. இப்போதே ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் துணித் துண்டை ஒட்டி வை.

இங்கே கம்பளிக்குத்தான் மரியாதை. அதற்குக் கடுக்காய் தேவையில்லை, படிகாரத்தை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் சூட்டில் போட்டு அலசினாயோ, சுருங்கித் தடித்துவிடும். தண்ணீரும் வேறு. நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு இங்கே கிடையாது, மெல்லிய தண்ணீர். மஞ்சிட்டி போன்ற வேர்ச் சிவப்புகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள் சேர்ப்போம்.

எடின்பரோ போனால் தேசிய அருங்காட்சியகத்தில் துருக்கிச் சிவப்பு என்ற அழுத்தமான சிவப்புச் சாயமேற்றிய துணிகளைப் பார். கிளாஸ்கோவில் 1785-இல் தொடங்கிய தொழில், பிறகு பக்கத்து லீவன் பள்ளத்தாக்கில் பெருகி, மயில் அச்சிட்ட துணிகளாக இந்தியாவுக்கே கப்பலேறியது. சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயத்துக்குப் பயன்பட்ட சாயவேருக்கும் துருக்கிச் சிவப்புக்கும் முக்கிய நிறப்பொருள் ஒன்றே, அலிசரின். நம் சிவப்பை நமக்கே விற்றிருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இயற்கைச் சாயத்தை மட்டும் நம்பினால் சோறு கிடைப்பது கஷ்டம், பட்டறைகள் சிறியவை. சம்பளம் பேட்டர்ன், கிரேடிங் (ஒரே பேட்டர்னைப் பல அளவுகளுக்கு மாற்றுவது), துணிப் பரிசோதனை வேலைகளில் இருக்கிறது, அவையும் பெரும்பாலும் லண்டன், லெஸ்டர், மான்செஸ்டர் பக்கம். படிக்கும்போது பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். படிப்புக்குப் பிந்தைய விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு, தொடக்கச் சம்பளம் பல இடங்களில் அதைத் தொடாது. கடன் வாங்கி வருவதானால் இந்தக் கணக்கை அப்பாவோடு உட்கார்ந்து போட்டுவிட்டு வா.

குளிரைவிட இருட்டுதான் சோதிக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். சாயத்தின் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க நேரமிருக்காது. பகல் வெளிச்சம் போன்ற விளக்கு பொருத்திய பெட்டிக்குள் வைத்துத்தான் ஒப்பிடுவோம். கனமான கோட்டை நெல்லையில் தேடி அலையாதே, இங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டே மலிவாகக் கிடைக்கும். நம் ஊர் அரிசி, பருப்பு வகைகளுக்கு எடின்பரோ போவது நல்லது. ரயிலில் ஒரு மணி நேரம்.