ஒரு சோறு போதாது

கேள்வி: எங்கள் தெருவில் பாதிப் பேர் கொரோனா டெஸ்ட்டே எடுக்கவில்லை. அப்புறம் எப்படி 'இத்தனை சதவீதம் பேருக்கு வந்துவிட்டது' என்றார்கள்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. மேல் சோறு வெந்து அடிச்சோறு வேகாமல் இருக்கலாமே! அதனால் குலுக்கல் முறையில் ஊர்களையும் வார்டுகளையும் எடுத்து, கொரோனாவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்களும் இதில் சிக்கிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2021 ஜூன்–ஜூலை ஆய்வில் இந்தப் புரதம் இருந்தவர்கள் 67.6 சதவீதம். தடுப்பூசி போட்டவர்களும் அதில் சேர்த்திதான்.

நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் 2021-ல் தங்கள் ஊழியர்களையே கணக்கெடுத்தார்கள். இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவீதம் பாதுகாப்பு, ஐ.சி.யூ. வரை போவதிலிருந்து 94 சதவீதம். 'ஊசி போட்டும் வந்துச்சே' என்று என்னிடம் சண்டைக்கு வந்த காட்பாடி அண்ணனுக்கு இந்த இரண்டாவது எண்ணைத்தான் காட்டினேன்.

இந்தக் கணக்கில் வராதவரும் உண்டு, என் அக்கா. கொரோனா வரவில்லை. ஆனால் பஸ் இல்லாமல் சுகர் பரிசோதனை எட்டு மாதம் தள்ளிப்போய், கால் புண்ணோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.