டிபி வார்டில் எடை மிஷின் எதற்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு டிபி என்று உறுதியானது. மாத்திரை தருவார்கள் என்று காத்திருந்தால், முதலில் உயரமும் எடையும் பார்த்தார்கள். பாதத்தை அழுத்திப் பார்த்தார்கள். எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். பிறகு "அட்மிட் ஆகணும்" என்றார்கள். நுரையீரல் நோய்க்கு இதெல்லாம் எதற்கு?
— வாசகி, சேலம்

பதில்: டிபியில் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மருந்து கிருமியை அடக்கும்வரை தாக்குப்பிடிக்க அவர்கள் உடம்பில் சதை இருப்பதில்லை. அதனால்தான் 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானதுமே மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்கும் கீழா, அல்லது 16 வரை இருந்து காலிலும் வீக்கமா? இரண்டு, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதா? மூன்று, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

பிஎம்ஐயை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உயரம் 165 செ.மீ., எடை 38 கிலோ என்றால், 1.65ஐ 1.65ஆல் பெருக்க 2.72. 38ஐ அதால் வகுத்தால் 13.97. அட்மிஷன்தான். இந்தச் சோதனைக்கு லேப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரே செய்துவிடலாம். வறுமை உடம்பில் என்ன செய்திருக்கிறது என்பதையும் நோயின் தீவிரத்தில் ஒரு பகுதியாக அரசு மருத்துவம் கணக்கில் எடுத்தது, எங்கள் பார்வையில், பெரிய மாற்றம்.

ஒரு எச்சரிக்கை. அண்ணன் இளைத்துப் போனாரே என்று ஆட்டுக்கால் சூப்பும் பிரியாணியும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென நிறைய உணவு சேர்ந்தால் ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அவற்றின் அளவு சட்டென்று இறங்கிவிடும். இதயத் துடிப்பே தடுமாறும். வார்டில் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகத் தருவது அதனால்தான்.

கேள்வி: அந்தக் காலத்தில் டிபி நோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்தில் பாலும் முட்டையும் கொடுத்தார்கள். பிறகு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார்கள். இப்போது மறுபடி சாப்பாடு என்கிறார்கள். எது சரி?
— வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் சரிதான். வீட்டிலேயே சிகிச்சை என்பது சென்னை உலகத்துக்குக் காட்டிய வழி. 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான அவர்கள் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், எடையும் குறைவாகவே ஏறியது. ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் முடிவு வெளியானதும் உலகெங்கும் சானடோரியங்கள் தேவையற்றுப் போயின. ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் 'சாப்பாடு முக்கியமில்லை' என்று அதைப் புரிந்துகொண்டது தவறு. உயிர் பிழைப்பதிலும், அந்த வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரும் என்பதிலும் உணவுக்கு என்ன பங்கு என்பது வேறு கேள்வி.

அதற்கான பதில் ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வில் கிடைத்து, 2023இல் வெளியானது. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள்: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். அவர்களில் பாதிப் பேருடைய குடும்பத்தாருக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும். மற்ற நோயாளிகளின் வீடுகளைவிட அந்த வீடுகளில் புதிதாக டிபி வந்தது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் டிபி 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது இரண்டே கிலோ!

கேள்வி: டிபி நோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு மாதம் தரும் 1,000 ரூபாய் போதுமா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: போதாது. ஆனாலும் விடாமல் கேட்டு வாங்குங்கள். 2018 ஏப்ரலில் மாதம் 500 ஆக இருந்தது, 2024 நவம்பரிலிருந்துதான் 1,000. பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைக்காத கணக்கு, நீண்டநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு என்றால் சிக்கிக்கொள்ளும். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பாஸ்புக்கைக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

நாளுக்கு 33 ரூபாய். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது ஒருவர் தட்டில் மட்டும் விழாது, எந்தத் தாயும் அப்படிப் பரிமாறவும் மாட்டாள். குடும்ப அட்டைக்கே கூடுதல் பருப்பும் எண்ணெயும் தருவதுதான் சரியான வழி என்று நினைக்கிறோம். அதுவரை, காசுக்கு அதிகப் புரதம் தருகிற நிலக்கடலை, பொட்டுக்கடலை, முட்டை என்று வாங்குங்கள்.

கேள்வி: அப்பா கல் குவாரியில் வேலை. வருஷக்கணக்காக இருமல். டிபியாக இருக்குமா?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: இருக்கலாம். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் டிபி வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். சளிப் பரிசோதனையோடு எக்ஸ்ரேயும் எடுத்து, என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குவாரியில் தண்ணீர் விட்டுத் துளைபோட்டால் தூசி வெகுவாக அடங்கும். அதைச் செய்யவைக்க மருத்துவமனைக்கு அதிகாரம் கிடையாது, தொழிலாளர் துறையும் கனிமவளத் துறையும்தான் தலையிட வேண்டும். சீட்டில் வேலையின் பெயர் எழுதியிருந்தால்தான் அந்தத் துறைகளிடம் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.