சரிக்கட்டும் அம்பயர்

கேள்வி: புளியரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேட்சுகளுக்கு அம்பயராக நிற்கிறேன். எல்.பி.டபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட்) கொடுத்தால் பேட்டிங் அணி சண்டைக்கு வருகிறது. கொடுக்காவிட்டால் பவுலிங் அணி. கேரளப் பக்கம் புனலூரிலிருந்து வருகிறவர்கள், உள்ளூர்க்காரனுக்குத் தனி நியாயம் என்று மலையாளத்தில் முணுமுணுக்கிறார்கள். ஒரு முடிவு தப்பாகிவிட்டால் அடுத்த அப்பீலில் சரிக்கட்டிவிடுகிறேன். அப்படியும் சண்டை ஓயவில்லையே?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: சரிக்கட்டுவதால்தான் ஓயவில்லை. ஒரு தப்புக்குச் சண்டை போட்டவர்கள் இப்போது இரண்டுக்குப் போடுகிறார்கள். கத்தினால் அடுத்தது நமக்கு என்று நீங்களே பழக்கியும் விட்டீர்கள். சொன்ன முடிவு தப்பென்று அந்த நொடியே பட்டால் உடனே மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. அடுத்த பந்து போட்டபின் அதைத் தொடாதீர்கள்.

அப்பீல் சத்தத்தோடு விரலும் எழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நிதானமாக வரிசையாகப் பாருங்கள். நோ பாலா? லெக் ஸ்டம்புக்கு (மட்டையாளர் நிற்கும் பக்கத்து ஸ்டம்பு) வெளியே பந்து தரையில் குத்தியதா? குத்தியிருந்தால் அங்கேயே நாட் அவுட், மேலே யோசிக்க ஒன்றுமில்லை. முதலில் மட்டையில் பட்டதா? காலில் பட்ட இடம் ஸ்டம்புக்கு நேரேயா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால், மட்டையாளர் உண்மையாகவே ஆட முயலாதபோது மட்டும்தான் அவுட். கடைசியாக, ஸ்டம்பில் பட்டிருக்குமா? இதில்தான் ஊர் அம்பயர்கள் சறுக்குவது. பாய் விரித்த மேட்டிங் பிட்சில் பந்து எழும்பும். ஸ்டம்பு உயரம் 28 அங்குலம்தான். நின்றபடி ஆடுகிறவருக்கு முழங்காலுக்கு மேல் பட்டால் யோசிக்காமல் விரலைத் தூக்காதீர்கள். இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் தி விக்கெட் (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) வந்து வலக்கை ஆட்டக்காரருக்குப் போடும்போது, ஸ்டம்பை நோக்கி வரும் பந்து பெரும்பாலும் லெக்குக்கு வெளியே குத்தியதாகவே இருக்கும். எத்தனை உரக்கக் கேட்டாலும் அது கிடையாது.

மட்டையாளருக்குப் பக்கவாட்டில் நிற்கும் லெக் அம்பயராகப் பேட்டிங் அணி ஆளே நிற்கிறார் என்றால், அவர் முனையில் ரன் அவுட், ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் மட்டுமே அவர் பொறுப்பு. ஸ்டம்பு விழும்போது கிரீஸ் கோட்டின் மேல் மட்டை இருந்தால் அவுட். கோட்டைத் தாண்டி உள்ளே தரையில் பட்டிருக்க வேண்டும். இதையும், லெக் பக்க வைட் எது என்பதையும் டாஸுக்கு முன்பே இரு கேப்டன்களையும் நிறுத்திச் சொல்லுங்கள். புனலூர்க்காரர்களுக்கு மலையாளத்திலேயே சொல்லுங்கள், எல்லையோரத்தில் பிறந்தவருக்கு அதுகூடவா வராது?

முறைப்பவரோடு வாதம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். 2017 கிரிக்கெட் விதிகளின்படி, முடிவை எதிர்த்துச் சொல்லாலோ செய்கையாலோ முரண்டுவது முதல் நிலைக் குற்றம். 'டைம்' சொல்லி, சக அம்பயரோடு பேசி, கேப்டனை அழைத்து ஒரே எச்சரிக்கை. அது அணி முழுவதற்கும் பொருந்தும். மறுபடி எவர் செய்தாலும் எதிரணிக்கு 5 ரன். ஸ்கோரரிடம் அப்போதே எழுதச் சொல்லுங்கள். அடிப்பேன் என்று அம்பயரை மிரட்டினால் அது நான்காம் நிலை. அந்த ஆளுக்கு மீதி ஆட்டம் கிடையாது.

சாரல் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றுக்கு ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில்ஸ் நிற்காது. இரு அம்பயர்களும் ஒத்துக்கொண்டு இரு முனையிலும் எடுத்துவிடலாம். ஸ்டம்பில் பந்து பட்டதா என்பது அதன்பின் முழுக்க உங்கள் கண் பொறுப்பு. அதற்கும் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு வரும்.