ஏழு வருஷமாகக் குறைந்தபட்சக் கூலி, கடன் வாங்கி கோர்ஸில் சேரலாமா?

கேள்வி: வயது 29. ஏழு வருஷமாக ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் எனக்கும் ஏறும், இல்லையென்றால் இல்லை. பள்ளிப் படிப்போடு சரி, இனிமேல் கல்லூரிக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றில் கடன் வாங்கிச் சேரலாம் என்று இருக்கிறேன். சேரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கோர்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. எந்த வேலைக்காக அதைப் படிக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! முதலில் கோர்ஸ், அப்புறம் அதற்கேற்ற வேலை என்று தேடுபவர்கள்தான் அதிகம், கையில் சான்றிதழும் தலையில் கடனுமாக அதே வேலைக்குத் திரும்புபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

சம்பளம் ஏன் ஏறவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் உழைக்காததால் இல்லை. உங்கள் இடத்தில் நாளைக்கு ஒரு புது ஆளை நிறுத்தினால், அவர் உங்கள் அளவுக்குத் தேற எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் என்றால், நீங்கள் இன்னும் எவ்வளவு வேகமாகப் பெட்டி கட்டினாலும் முதலாளிக்குக் கூடுதலாகத் தர வேண்டிய கட்டாயம் இல்லை, நல்ல மனசு இருந்தால் பாராட்டுவார், அவ்வளவுதான். அதே கட்டடத்தில் கன்வேயர் நின்றுபோனால் சரிசெய்கிற டெக்னீஷியன் ஒருவர் இருப்பார். அவர் உங்களைவிடக் குறைவாகத்தான் வியர்ப்பார், ஆனால் அவர் லீவு போட்ட அன்றைக்கு கன்வேயர் மக்கர் செய்தால் லாரி கிளம்பாது, அந்த இடத்துக்கு இன்னொருவரைப் பிடிக்க மாதக் கணக்கில் ஆகும். அதனால் இதே வேலையில் இன்னும் கடுமையாக உழைப்பதில் பயனில்லை. சுலபத்தில் ஆள் கிடைக்காத ஒரு வேலைக்கு நகர வேண்டும்.

அந்த வேலை பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும். சம்பந்தமே இல்லாத துறைக்குத் தாவினால் உங்கள் ஏழு வருஷ அனுபவம் கணக்கிலேயே வராது, பக்கத்து வேலைக்கு நகர்ந்தால் அதுதான் உங்கள் முதலீடு. கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குக் கணக்கு பார்ப்பவர், எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடுபவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், தரம் பார்ப்பவர், பராமரிப்பு டெக்னீஷியன் என்று எத்தனை பேர் உங்கள் கண் முன்னால் நடமாடுகிறார்கள். சிஸ்டத்தில் 40 பெட்டி காட்டுகிறது, ரேக்கில் 37தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்த சரக்கைத் தப்பான ரேக்கில் வைத்திருப்பார்கள், அல்லது ஒரே பெட்டியை இரண்டு தடவை ஸ்கேன் பண்ணியிருப்பார்கள் என்று உங்களுக்குப் பார்த்த உடனே தோன்றும். கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்து புதிதாக வருகிறவருக்குத் தோன்றாது. அந்த அறிவோடு எக்ஸெலில் பிவட் டேபிளும் (நீளமான பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டுவது) லுக்அப் ஃபார்முலாக்களும் (பட்டியலில் வேண்டிய விவரத்தைத் தேடி எடுப்பது) சேர்ந்தால் சரக்குக் கணக்கு வேலைக்கு நீங்கள் நல்ல ஆள். இந்த இரண்டையும் கற்றுக்கொள்ள யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களே போதும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: சூப்பர்வைசர் பதவி. பெயர் பெரிது, கூடுதல் சம்பளம் கொஞ்சம், வேலை நேரம் மட்டும் எக்கச்சக்கம். வெளியே போனால் அந்த அனுபவத்துக்கு மதிப்பு இருக்குமா என்பதும் சந்தேகம். ஷிஃப்ட் பட்டியல் போடுவது, கணக்கு, ரிப்போர்ட் என்று ஏதாவது கற்றுக்கொள்ளக் கிடைத்தால் எடுங்கள். வெறுமனே நின்று மற்றவர்களை விரட்டுகிற வேலை என்றால் யோசியுங்கள்.

சரி, எந்த வேலை என்று எப்படி முடிவு செய்வது? மனதில் இருக்கிற இரண்டு மூன்று வேலைகளின் பெயரைப் போட்டு, நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் வந்திருக்கும் விளம்பரங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முப்பதாவது, பொறுமையாகப் படியுங்கள். கேட்கிற தகுதிகளை ஒரு நோட்டில் எழுதி, திரும்பத் திரும்ப வருவதற்குக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். எத்தனை விளம்பரம் பட்டம் கட்டாயம் என்கிறது, எத்தனை ‘அல்லது அதற்கு இணையான அனுபவம்’ என்கிறது, சம்பளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். முப்பது விளம்பரமே தேறவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். நீங்கள் சேர நினைத்த கோர்ஸின் பெயர் அந்த நோட்டில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். ஒரு தடவைகூட வரவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சான்றிதழ் என்ற பெயரில் விற்கப்படுவது எல்லாம் ஒன்று அல்ல. வெல்டிங்கில் 6ஜி என்று ஒரு தேர்வு நிலை உண்டு. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள், அதைத் திருப்பாமல் நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். கையில் தொழில் இல்லாதவர் அதில் தேறவே முடியாது, அதனால்தான் அதற்குக் கூலி வேறு. கம்ப்யூட்டர்களை இணைக்கிற நெட்வொர்க் துறையில் சிஸ்கோ நிறுவனம் தரும் சிசிஎன்ஏ சான்றிதழும் அப்படித்தான், பாடம் சொல்லிக்கொடுக்கிற இடம் எதுவாக இருந்தாலும் தேர்வு ஒன்றே, தேறினால் மூன்று வருஷம் செல்லும். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, உதவி மையம் போன்ற வேலைகளுக்கு காம்ப்டியா என்ற அமைப்பு தரும் ஏ பிளஸ் சான்றிதழ் இருக்கிறது, அதற்கு இரண்டு தேர்வுகள். இதிலெல்லாம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், பரீட்சை வைத்து மதிப்பிடுபவர் இன்னொருவர். பாடம் நடத்தும் நிலையமே தேர்வும் வைத்து, தானே பாஸ் போட்டு, தன் முத்திரையைக் குத்திக் கொடுக்கிற சான்றிதழை வேலை கொடுப்பவர் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். நீங்கள் சொன்ன கோர்ஸ் எந்த வகை என்று விசாரியுங்கள். டேட்டா என்ட்ரி, டைப்பிங் என்றால் வேண்டவே வேண்டாம், மென்பொருள் விழுங்கிக்கொண்டிருக்கிற வேலைக்குக் கடன் வாங்கிப் படிப்பானேன்? ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று சொன்னால், போன பேட்சில் படித்தவர்கள் இரண்டு பேரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் கட்டிப் படிப்பதைவிட, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கிற வழி இருந்தால் அதுதான் எனக்கு முதல் தேர்வு. எலக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக், சிஎன்சி இயந்திரம் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் போன்றவற்றை வெட்டிக் கடைவது) ஓட்டுபவர் போன்ற தொழில்களுக்குப் பல நாடுகளில் தொழிற்பழகுநர் முறை இருக்கிறது. ஜெர்மனியில் இரண்டிலிருந்து மூன்றரை வருஷம், பாதி நேரத்துக்கு மேல் தொழிற்கூடத்தில், மீதி பள்ளியில், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. உங்கள் பகுதியில் என்ன இருக்கிறது, வயது வரம்பு என்ன என்று விசாரியுங்கள். ஆரம்பத்தில் இப்போதைய கூலியைவிடக் குறைவாகக்கூடக் கிடைக்கலாம். அதைப் பார்த்துப் பின்வாங்கும் முன், மூன்றாம் வருஷ முடிவில் என்ன சம்பளம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, களைப்பு. பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து ராத்திரி படிக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன், முதல் வாரம் நடக்கும், மூன்றாவது வாரம் புத்தகம் முகத்தில்தான் கிடக்கும். வேலைக்குப் போகும் முன் நாற்பது நிமிஷம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மாறாத ஷிஃப்டாகக் கேட்டு வாங்குங்கள். ஓவர்டைம் வேறொரு சிக்கல். அந்தப் பணம் இல்லாமல் வீடு ஓடாது என்றால் தொடக்கூடாது, புரிகிறது. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு ஓவர்டைமை விட்டுக்கொடுக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கோர்ஸ் கட்டணத்தைவிட உங்களுக்குத் தட்டுப்பாடாக இருப்பது நேரம்தான்.

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லி வைக்காதீர்கள். மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான், மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது அல்லது அபூர்வமாக என்றார்கள். காரணம் எளிது, உங்கள் நண்பருக்குத் தெரிந்த வேலைகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். சரக்கு இறக்க வரும் லாரி டிரைவர், இயந்திரம் சர்வீஸ் செய்ய வரும் வெளி ஆள், மூன்று வருஷம் முன்பு வேலையை விட்டுப் போனவர், இவர்களிடம் பேசுங்கள். ‘வேலை இருக்கிறதா’ என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். ‘நீங்கள் இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்’ என்று கேட்டால் டீ ஆறுகிற வரைக்கும் பேசுவார்கள்.

பயோடேட்டாவில் ‘பேக்கிங் பணியாளர், ஏழு ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘ஷிஃப்டுக்கு ஏறக்குறைய இத்தனை ஆர்டர்களைச் சரிபார்த்து அனுப்பினேன், ஸ்கேனரும் சரக்கு மென்பொருளும் தினமும் பயன்படுத்தினேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், மாதாந்திர சரக்கு எண்ணிக்கையில் பங்கெடுத்தேன்.’ செய்யாததைச் சேர்க்காதீர்கள், எண்ணிக்கையை உண்மையாகப் போடுங்கள், நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

இப்போது என்ன சம்பளம் என்று கேட்டால், முடிந்தவரை நேராகச் சொல்லாமல், ‘இந்த வேலைக்கு இந்த வட்டாரத்தில் இவ்வளவிலிருந்து இவ்வளவு தருகிறார்கள், அதற்குள் எதிர்பார்க்கிறேன்’ என்று நோட்டில் எழுதிய தொகையைச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கூலியைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கிருந்து தொடங்கும். விடாமல் கேட்டால் பொய் மட்டும் சொல்ல வேண்டாம், சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

புதிய இடத்தில் எழுத்தில் ஆர்டர் கைக்கு வரும் வரை ராஜினாமா பேச்சையே எடுக்காதீர்கள். வந்தபின், கடைசி நாளுக்கு முன்பே அனுபவச் சான்றிதழை, அதில் பேக்கிங் மட்டுமில்லாமல் நீங்கள் உண்மையில் பார்த்த வேலைகளும் இருக்கிற மாதிரி, கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபிறகு அதற்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.